ஒரு லிட்டருக்கா, ஒரு ஏக்கருக்கா? – உள்ளி வயல் களைக்கொல்லி அறிவுரைகள் பற்றி ஒரு திறனாய்வு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாட்களில், தென்காசியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் சாரல் நின்றுவிடும். காற்று மட்டும் மிஞ்சும். பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், சுரண்டை என்று விரியும் இந்தச் செம்மண் நிலங்களில் விளையும் முக்கியப் பயிர்களுள் ஒன்று சின்ன வெங்காயம். நெல்லைச் சீமையில் அதற்கு உள்ளி என்று பெயர். இந்த உள்ளி வயலில் களையை அழிக்க மருந்து தெளிப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. அந்த மருந்து நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தை இக்கட்டுரையில் முதலில் எடுக்கப் போவதில்லை. அதைப் பற்றி உழவருக்கு எழுதித் தரப்படும் அறிவுரை எப்படி இருக்கிறது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவர் எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர். ஆய்வுக்கூடத்தில் பரப்பு இழுவிசைச் சோதனை முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்: "சார், எங்க உள்ளி வயல்ல களைக்கொல்லி அடிச்சோம். ஒரே பாட்டில், ஒரே டேங்க், அடிச்சதும் எங்க அப்பா ஒருத்தர்தான். ஒரு பக்கம் உள்ளித் தாள் நுனி கருகிப் போச்சு. இன்னொரு பக்கம் களை அப்படியே நிக்குது. கடைக்காரர் போலி மருந்து கொடுத்துட்டாருன்னு அப்பா சொல்றாங்க. போலின்னா ரெண்டு பக்கமும் களை நிக்கணும்லா சார்?"

கேள்வி சரியானது. போலி மருந்துகள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே பாட்டிலில் இருந்த மருந்து ஓரிடத்தில் அதிகமாகவும் வேறோரிடத்தில் குறைவாகவும் வேலை செய்தது என்றால், குறை பாட்டிலுக்குள் இருக்க வாய்ப்பில்லை; மருந்து நிலத்தின் மேல் விழுந்த அளவில் இருக்க வேண்டும். அந்த அளவைப் பற்றி அவருக்குக் கிடைத்த அறிவுரை என்ன என்று கேட்டேன். மறுநாள் சில தாள்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

மூன்று தாள்கள்

முதல் தாள், மருந்துக் கடையில் கொடுத்த துண்டுப் பிரசுரம். பச்சைப் பசேலென்று களையே இல்லாத வயலின் படம். கீழே "ஒரு டேங்குக்கு இரண்டு மூடி" என்று பேனாவால் எழுதியிருந்தது. எந்த டேங்க், எந்த மூடி என்பதில்லை. முதுகில் சுமக்கும் தெளிப்பான்கள் பத்து லிட்டரிலும் உண்டு, பதினாறு லிட்டரிலும் உண்டு. மூடிகளின் அளவோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

இரண்டாம் தாள், மகாராஷ்டிர மாநிலம் ராஜ்குருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்ககத்தின் பரிந்துரை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் பரிந்துரை நாடெங்கும் மறுபதிப்பாகிச் சுற்றி வருகிறது. அதன் சாரம் இது: ஆக்சிஃபுளோர்ஃபென் 23.5 சதவீத மருந்து லிட்டருக்கு 1.5 முதல் 2 மில்லி, அல்லது பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்து லிட்டருக்கு 3.5 முதல் 4 மில்லி. நடுவதற்கு முன்போ நடும்போதோ தெளித்து, பிறகு 40 முதல் 60 நாளுக்குள் ஒரு கைக்களை எடுக்க வேண்டும்.

மூன்றாம் தாள், கைப்பேசியில் வந்த ஒரு குறிப்பை மாணவர் எழுதி வைத்துக்கொண்டது. கல்லுப்பு, சுண்ணாம்பு, கோமியம் ஆகியவற்றைக் கலந்து "இயற்கைக் களைக்கொல்லி" தயாரிக்கும் முறை அதில் இருந்தது.

மூன்றும் மூன்று இடங்களிலிருந்து வந்தவை. முதலாவது விற்பனைக்காக, இரண்டாவது ஆராய்ச்சியிலிருந்து, மூன்றாவது நச்சு மருந்துகளின் மீதுள்ள அச்சத்திலிருந்து. ஆனால் ஓர் எண் மூன்றிலுமே இல்லை. அந்த எண் என்ன என்று பார்க்குமுன், வெங்காயத்தையும் களையையும் சற்று அறிந்துகொள்வோம்.

உள்ளிக்கு ஏன் இத்தனை களை?

நெல்லோ சோளமோ வளர்ந்து நெருங்கியதும் தன் நிழலாலேயே களையை அடக்கும். வெங்காயத்தால் அது இயலாது. அதன் இலை குழல் வடிவானது. மெலிந்து நிமிர்ந்து நிற்பது. எனவே வயலில் பெரும்பகுதி எப்போதும் வெயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேரும் ஆழமாகச் செல்வதில்லை. மேல்மண்ணிலேயே களையோடு நீருக்கும் உரத்துக்கும் போட்டியிட வேண்டும். களையை அப்படியே விட்டுவிட்டால் விளைச்சல் பாதியாகக் குறைவது வெங்காயத்தில் வியப்பான செய்தி அன்று.

சின்ன வெங்காயத்தில் இழப்பின் சுமை இன்னும் கூடுதல். பெரிய வெங்காயத்தைப் போல் நாற்று விடாமல், முற்றிய காய்களையே பாரின் இருபுறமும் ஊன்றுகிறோம். எக்டேருக்குச் சுமார் 1000 கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 கிலோ விதைக்காய் வேண்டும். அந்த விதைக்காயின் விலை உழவரின் முதலீட்டில் பெரும்பங்கு. களை எடுக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் கூலி அடுத்த பங்கு. களை முளைக்கும் அதே வாரத்தில் எல்லா வயலுக்கும் ஆள் வேண்டியிருப்பதால், கூலி கொடுக்க மனமிருந்தாலும் ஆள் கிடைப்பதில்லை. உழவர் பாட்டிலை நாடுவது சோம்பலினால் அன்று.

இங்கேயே இரண்டாம் தாளில் ஒரு குறை தென்படுகிறது. 40 முதல் 60 நாளுக்குள் கைக்களை என்பது நாற்று நட்டு வளர்க்கும் பெரிய வெங்காயத்துக்குப் பொருந்தும். நம் உள்ளியின் வாழ்நாளே இரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 65 முதல் 90 நாள்தான். அறுபதாம் நாளில் களை எடுக்கச் சொன்னால், சில இரகங்களில் அறுவடையையும் சேர்த்தே செய்துவிடலாம்! நட்ட மூன்று, நான்கு வாரத்தில் களை எடுக்கும் நம்மூர் வழக்கமே சின்ன வெங்காயத்துக்கு ஏற்றது. ராஜ்குருநகர் நிறுவனம் தவறாக எழுதிவிட்டது என்பதன்று என் குற்றச்சாட்டு. ஒரு பயிருக்கு எழுதியதை வேறொரு பயிருக்கு அப்படியே பெயர்த்தெழுதுகிறோமே, அதுதான் குறை.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

அறிவுரைத் தாள்கள் பெரும்பாலும் இக்கேள்விக்கு விடை தருவதில்லை. உழவருக்கு இது வேண்டாம் என்று எண்ணுகிறார்கள் போலும். உண்மையில், காரணம் தெரியாதவர்க்கு விதி மறந்துபோகும்.

ஆக்சிஃபுளோர்ஃபென் மண்ணின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. முளைத்து மேலே வரும் களையின் குருத்து அப்படலத்தைத் துளைக்கும்போது மருந்து அதில் ஏறுகிறது. செடியில் பச்சையம் உருவாகும் பாதையில் ஒரு நொதியை அது தடுத்துவிடுகிறது. அதனால் பச்சையமாக மாற வேண்டிய ஒரு நிறப்பொருள் திசுவில் தேங்குகிறது. தேங்கிய பொருள் சூரிய ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் செல்லின் சவ்வுகளைக் கிழிக்கிறது. செடியைக் கொல்வதற்கு மருந்தோடு ஒளியும் வேண்டும் என்பது இயற்பியல் மாணவர்க்குச் சுவையான செய்தி.

பெண்டிமெத்தலின் வேறு வகை. செல் இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் அமைவதை அது தடுக்கிறது. முளைவிடும் வேரும் குருத்தும் வளராமல் நின்றுவிடுகின்றன. இது காய்ந்த மண்ணில் வெயிலில் கிடந்தால் ஓரளவு ஆவியாகியும் ஒளியால் சிதைந்தும் வீணாகும். ஆகவே மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்.

இரண்டுமே முளைவிடும் விதையைத் தாக்குபவை. மண்ணுக்கடியில் கிழங்கில் உணவைச் சேமித்து வைத்திருக்கும் கோரையை இவை ஒழிப்பதில்லை. சாரணையும் கீரை வகைக் களைகளும் அடங்கிப் போக, போட்டியற்ற நிலத்தில் கோரை செழித்து வளர்வதைப் பல வயல்களில் காணலாம். துண்டுப் பிரசுரத்தின் களையற்ற பச்சை வயலில் கோரைக்கு இடமில்லை; நம் வயலில் அது நன்றாகவே இருக்கிறது.

உள்ளி ஏன் தப்பிக்கிறது? அதற்கு ஒரு காரணம் இயற்பியல் சார்ந்தது. வெங்காயத் தாளின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. விரலால் தேய்த்தால் சாம்பல் நிறம் அகன்று பளபளப்பு தெரியும். மெழுகின் மேல் நீர்த்துளி பரவாது. தொடுகோணம் 90 பாகைக்கு மேல் இருப்பதால் உருண்டு திரளும். தாள் செங்குத்தாக வேறு நிற்கிறது. துளி வழிந்து விழுந்துவிடுகிறது. அகன்று படுத்திருக்கும் களையின் இலையிலோ துளி தங்கிவிடும். இன்றைய மருந்துகள் வருமுன்பே ஐரோப்பாவில் நீர்த்த கந்தக அமிலத்தைத் தானியப் பயிர்களிலும் வெங்காயத்திலும் தெளித்துக் களையைக் கருக்கியதன் அடிப்படை இதுவே. அமிலத்துக்குப் பயிர் எது, களை எது என்று தெரியாது. இலையின் வடிவமும் மெழுகுமே வேறுபடுத்தின.

இதை அறிந்தவர், "எந்த மருந்தோடும் ஒட்டும் திரவம் சேர்த்துக்கொள்ளவும்" என்று கடைப் பிரசுரத்தின் அடியில் உள்ள வரியைப் படித்துத் திடுக்கிடுவார். ஒட்டும் திரவம் என்பது பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள். முளைத்துவிட்ட உள்ளியின் மேல் அதைக் கலந்து தெளித்தால், மெழுகு கொடுத்த பாதுகாப்பை நம் கையாலேயே நீக்கிவிடுகிறோம்.

காணாமற்போன எண்

இனி முதன்மையான குறைக்கு வருவோம். களைக்கொல்லியின் விளைவை நிர்ணயிப்பது கரைசலின் செறிவு மட்டும் அன்று. ஓர் அலகுப் பரப்பில் எத்தனை மருந்து விழுந்தது என்பதே கணக்கு. இதன் அலகு, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம். லிட்டருக்கு இத்தனை மில்லி என்பது வேறு அலகு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் நீர் தெளிக்கிறோம் என்ற எண் தெரிய வேண்டும். மூன்று தாள்களிலும் இல்லாத எண் அதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 2 மில்லி என்று ஆக்சிஃபுளோர்ஃபென் கலந்தாயிற்று. ஒருவர் நிதானமாக நடந்து ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கிறார். அவர் வயலில் 400 மில்லி மருந்து விழுகிறது. அதில் களையைக் கொல்லும் மூலப்பொருள் 23.5 சதவீதம், அதாவது சுமார் 94 கிராம். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 23 மில்லிகிராம் வருகிறது. ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை!

இன்னொருவர் அதே கரைசலை, அதே தெளிப்பானில் வேகமாக நடந்து 120 லிட்டரில் ஏக்கரை முடித்துவிடுகிறார். அவர் வயலில் விழுந்தது 240 மில்லிதான். சதுர மீட்டருக்கு 14 மில்லிகிராம். இருவரும் தாளில் உள்ளபடியே கலந்தார்கள். இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் இரண்டாமவர் வயலில் விழுந்த மருந்து முதலாமவர் வயலில் விழுந்ததில் ஐந்தில் மூன்று பங்கே. மூன்றாவதாக ஒருவர், சந்தேகத்தின் பேரில் ஒரே பாரை இரண்டு முறை தெளித்தால் அங்கே 46 மில்லிகிராம் விழும். மாணவரின் வயலில் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் களை நின்றதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் விளக்கம். திரும்பும் இடங்களில் அவருடைய தந்தை நின்று தெளித்தார். நடு வயலில் வேகமாக நடந்தார். கருகிய இடங்கள் வரப்போரமாகவே இருந்தன என்பதை மாணவரே பிறகு பார்த்து வந்து சொன்னார்.

பூச்சி மருந்தில் இந்தக் குழப்பம் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கே இலை நனைந்து சொட்டும் வரை தெளிப்பார்கள், மிஞ்சியது வழிந்துவிடும். ஆகவே செறிவைச் சொன்னால் ஏறக்குறையப் போதும். மண்ணில் படலமாக விழ வேண்டிய களைக்கொல்லிக்கு வழிந்தோடும் வசதி இல்லை, விழுந்தது விழுந்ததுதான். பூச்சி மருந்து எழுதிய கையாலேயே களைக்கொல்லிக்கும் எழுதியதால் வந்த வினை இது. சட்டத்திலும் இரண்டுக்கும் ஒரே வீடுதான்; 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழேதான் களைக்கொல்லிகளும் வருகின்றன. சட்டத்துக்கு அது வசதியாக இருக்கலாம், வயலுக்கு அன்று.

இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமா? சிறிதும் இல்லை. நம் பக்கத்து அளவான சென்ட்டே இதற்குப் போதும். பத்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலத்தில் கயிறு பிடித்தால் ஏறக்குறைய ஒரு சென்ட். தெளிப்பானில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அந்த ஒரு சென்ட்டில் தெளிக்க வேண்டும். மீதியை அளந்து கழித்தால் செலவான நீர் தெரியும். அதை நூறால் பெருக்கினால் ஏக்கருக்கு ஆகும் நீர் வந்துவிடும். இரண்டு லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். ஏக்கருக்கு வேண்டிய மருந்தை அந்த நீரில் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அளவு ஏக்கருக்கு 400 மில்லி என்றால், 16 லிட்டர் டேங்க் பன்னிரண்டரை முறை நிரம்பும். ஒவ்வொன்றுக்கும் 32 மில்லி. தெளிப்பு முனையை மாற்றினாலும், ஆளை மாற்றினாலும், கைப்பம்பை விட்டு மின்கலத் தெளிப்பானுக்கு மாறினாலும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

எங்கள் மாணவர்கள் கல்லூரித் திடலில் வெறும் தண்ணீரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே தெளிப்பானை இருவரிடம் கொடுத்தால் இரண்டு விடை வருவதைக் கண்டு வியந்தார்கள். திருகு அளவியால் கம்பியின் தடிமனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளப்பவர்கள், தம் வீட்டு வயலில் மூடியால் அளக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. அளவியல் பாடத்தை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திவிட்ட என் போன்ற ஆசிரியர்களுடையது.

காற்றைப் பற்றி ஒரு வரி

தாள்கள் காற்றைப் பற்றி என்ன சொல்கின்றன? "பலத்த காற்று வீசும்போது தெளிக்க வேண்டாம்" என்ற ஒரே வரி கடைப் பிரசுரத்தில் இருக்கிறது. மற்ற இரண்டில் அதுவும் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் நாட்டில், இந்த ஒரு வரி போதுமா? ஆனி, ஆடியில் இங்கே பலத்த காற்று இல்லாத பகற்பொழுது எது? ஆலங்குளம், சுரண்டைப் பகுதிகளில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது காரணமில்லாமல் அன்று. வைகாசிக் கடைசியில் உள்ளி நடுபவர் இக்காற்றில்தான் தெளிக்க வேண்டியிருக்கிறது.

துளியின் அளவைப் பொறுத்து அது விழும் வேகம் மாறும். நிலையான காற்றில் 400 மைக்ரான் விட்டமுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் வேகத்தில் இறங்கும். 100 மைக்ரான் துளி நொடிக்கு 27 செண்டிமீட்டர்தான் இறங்கும். தெளிப்பு முனையை அரை மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பதாகவும், காற்று நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகவும் கொள்வோம். துளி பீச்சப்படும் வேகத்தை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், பெரிய துளி ஒன்றரை மீட்டர் தள்ளி விழும். சிறிய துளி ஒன்பது மீட்டர் தள்ளிப் போகும். ஒன்பது மீட்டரில் பக்கத்து வயல் வந்துவிடும். அங்கே தக்காளியோ கத்தரியோ இருந்தால், ஆக்சிஃபுளோர்ஃபென் பட்ட இலைகளில் கருகல் புள்ளிகள் தோன்றும். வரப்புத் தகராறுக்கு அது போதும்.

ஒரு மில்லிலிட்டர் நீரை 100 மைக்ரான் துளிகளாக உடைத்தால் சுமார் 19 லட்சம் துளிகள் கிடைக்கும். விட்டத்தை இருமடங்காக்கினால் துளியின் எடை எட்டு மடங்காகும். ஆகவே களைக்கொல்லிக்கு நுண்ணிய புகைபோன்ற தெளிப்பு ஆகாது. விசிறி போல் தட்டையாக விரிந்து, பெரிய துளிகளை விழச்செய்யும் நாசில் வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். முனையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். பூச்சி மருந்துக்கென்று வரும் கூம்பு நாசிலையே பலரும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். எந்த நாசில் என்று தாள்கள் சொல்லவில்லையே! "பலத்த காற்று" என்பதற்கும் எண் வேண்டும். நம் ஊருக்கென்று எழுதுவதானால் இன்னும் எளிதாக எழுதலாம்: விடியற்காலையில், வேப்பிலை மட்டும் இலேசாக அசையும் நேரத்தில் தெளியுங்கள், புழுதி எழுந்தால் நிறுத்திவிடுங்கள்.

வரமா, விஷமா?

மூன்றாம் தாளை எழுதியவரின் அச்சம் பொய்யானது அன்று. ஆக்சிஃபுளோர்ஃபென் மீன்களுக்கும் பிற நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. அது நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நாம் கணக்கிட்ட 23 மில்லிகிராமைக் கரைக்கவே சதுர மீட்டருக்குச் சுமார் 200 லிட்டர் நீர், அதாவது 20 செண்டிமீட்டர் மழை வேண்டும். அத்துடன் மண் துகள்களில் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே எளிதில் அடிமண்ணுக்கு இறங்காது. ஆனால் மேல்மண் அரித்துச் சென்றால் மண்ணோடு மருந்தும் செல்லும். நம் பகுதி ஓடைகள் குளங்களுக்குச் செல்கின்றன. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஐப்பசி மழைக்கு முதல்நாள் தெளிப்பவருக்கு இச்செய்தி தெரிந்திருக்க வேண்டாமா?

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவு ஆணையை வெளியிட்டபோது, பெண்டிமெத்தலினும் ஆக்சிஃபுளோர்ஃபெனும் அப்பட்டியலில் இருந்தன. பின்னர் 2023இல் வந்த இறுதி ஆணையின் தடைப்பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெறவில்லை. முதற்செய்தியைப் படித்தவர் இவை தடை செய்யப்பட்ட நஞ்சு என்று நினைக்கிறார். இரண்டாவதை மட்டும் படித்தவர் இவற்றால் தீங்கே இல்லை என்று நினைக்கிறார். எவ்வளவு, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டு எழுதினால் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குத்தான் வரமுடியும்.

மூன்றாம் தாளின் மருந்துக்கும் இதே கேள்விகளைப் போட வேண்டும். உப்பு இயற்கையானதுதான். ஆனால் அதற்கு உள்ளிக்கும் சாரணைக்கும் வேறுபாடு தெரியாது. மில்லிகிராம் கணக்கில் வேலை செய்யும் பொருளுக்குப் பதிலாகக் கிலோக் கணக்கில் உப்பைப் போட வேண்டும். களைக்கொல்லி பல வாரங்களில் படிப்படியாகச் சிதைந்து குறையும்; சோடியம் ஒரு தனிமம், அது சிதைவதில்லை. உவர் ஏறிய மண்ணில் உள்ளி சரியாக வளராது. இயற்கை என்ற சொல் அளவுக்கு மாற்றாகாது.

நச்சு மருந்தே வேண்டாம் என்பவர்க்கு உண்மையான வழிகள் உள்ளன. நிலத்தைத் தயார் செய்து நீர் பாய்ச்சி, களை முளைத்ததும் மேலோட்டமாகக் கொத்தி அழித்துவிட்டுப் பிறகு நடலாம். கோடை வெயிலில் ஈர நிலத்தின் மேல் நிறமற்ற பாலித்தீன் தாளைச் சில வாரங்கள் இறுக்கி மூடி, சூட்டினால் களை விதைகளைக் கொல்லலாம். இவற்றுக்கு நாளும் செலவும் ஆகும். அந்தச் செலவையும் சேர்த்தே எழுதினால்தான் உழவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நல்ல தாள் எப்படி இருக்கும்?

நம் வேளாண் நிறுவனங்களிடமும் எழுத்தாளர்களிடமும் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில், அளவை ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று எழுதுங்கள். நீரின் அளவை அடுத்த வரியில் எழுதுங்கள். ஒரு சென்ட் சோதனையைப் படத்துடன் போடுங்கள். நாசிலின் படத்தையும் போடுங்கள். சின்ன வெங்காயத்துக்கும் பெரிய வெங்காயத்துக்கும் தனித்தனி நாட்கணக்குக் கொடுங்கள். நட்ட மூன்று நாளுக்குள், ஈர மண்ணில், தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து தெளிக்க வேண்டும் என்றால், ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: கால் பட்ட இடத்தில் படலம் உடையும், உடைந்த இடத்தில் களை வரும். கோரைக்கு இம்மருந்து கேட்காது என்பதை மறைக்காதீர்கள். வேறு களைக்கொல்லி தெளித்த தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் உள்ளிக்கு எடுக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். ஒரு கைக்களை எப்படியும் வேண்டும் என்ற உண்மை, வாங்குபவர்க்கும் களை எடுக்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே தெரியட்டும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இவற்றுள் பல இருக்கின்றனவே என்று சிலர் கூறலாம். உண்மைதான், மாநில மொழியிலும் அச்சிட வேண்டும் என்று விதியே உள்ளது. ஆனால் பல மொழிகளை ஒரே தாளில் அடக்கிய அந்த எழுத்தைப் படிக்க எங்கள் ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கி வேண்டும். படிக்க முடியாத உண்மையும் எழுதாத உண்மையும் வயலில் ஒன்றுதான்.

மாணவர் தம் தந்தையிடம் கணக்கைச் சொன்னாராம். அவர் முதலில் நம்பவில்லை. "இத்தனை வருசம் அடிக்கேன், நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியோ?" என்று கேட்டாராம். பிறகு ஒரு நாள் காலையில் அவரே கயிறும் குடமும் எடுத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் ஒரு சென்ட் தெளித்துப் பார்த்திருக்கிறார். செலவான நீரை அளந்துவிட்டு, அடுத்த நடவுக்கு வேண்டும் என்று வீட்டுச் சுவரில் கரியால் அந்த எண்ணை எழுதி வைத்தாராம்.

மூன்று தாள்களிலும் இல்லாத எண் அது. இதைப் படிக்கும் மாணவர்களில் எத்தனையோ பேர் உழவர் வீட்டிலிருந்து வருபவர்கள். பரப்பளவு, கன அளவு, வேகம் ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுத் தெளிப்பானை எடுத்து, உங்கள் சுவரிலும் ஓர் எண்ணை எழுதிப் பாருங்கள்.